நண்டு முடியும்வரை கப்பல் நிற்கும்

கபோச் சந்தையில் இன்று காலை நண்டு வந்திருந்தது. ஐஸின் மேல் கிடந்தபடி ஒன்று காலை ஆட்டியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீன்காரன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். உன் நினைவுதானடி, வேறென்ன!

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தோம். பிறகு நீ கனடாவுக்கும் நான் இத்தாலிக்கு, இந்தப் பலேர்மோவுக்குமாகச் சிதறிப்போனோம். அத்தனை வருடத்துக்குப் பிறகு உன் மகள் உன்னைக் கப்பலில் ஊர் சுற்றக் கூட்டிவந்தாள். நமக்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல். ஐந்து மணிக்குக் கப்பல் போய்விடும். மகளும் மருமகனும் கப்பல்காரரின் பஸ்ஸில் தேவாலயம் பார்க்கப் போக, நீ துறைமுக வாசலில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதலில் கேட்டது, "கறி கொண்டு வந்தனியோடி?"

சுகம் விசாரிக்கவில்லை, ஒன்றுமில்லை. உறைப்பில்லாத கப்பல் சாப்பாட்டில் நாக்குச் செத்துப்போச்சாம்.

மொண்டெல்லோக் கடற்கரைக்கு பஸ் ஏறினோம். அலையில்லாத கடலைப் பார்த்து, "இது கடலோ, கேணியோ?" என்று நக்கலடித்தாய். பிறகு சுடிதாரோடேயே இறங்கினாய். உன்னைக் கரைக்கு இழுத்தெடுக்க நான் பட்ட பாடு!

ஈரம் சொட்டச் சொட்ட, மணலில் குந்தியிருந்து புட்டும் நண்டுக்கறியும் பிரித்தோம். எனக்கோ மணிக்கூட்டில்தான் கண். சினியோராக்கள் என்று நாங்கள் கூப்பிடும் இத்தாலிய எசமானிகளின் வீடுகளில் மணி பார்த்து வேலை செய்தே பழகியவள் நான். என்னால் நீ கப்பலைத் தவறவிட்டால் உன் மகளின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

"கெதியாச் சாப்பிடடி, கப்பல் போயிடும்."

நீ ஒவ்வொரு காலாக உடைத்தாய், உறிஞ்சினாய், ஓட்டுக்குள் விரலை விட்டுச் சதையைத் தோண்டினாய். "கப்பல் நிக்கும். நீ ஆறுதலா இரு."

திரும்பும்போது பஸ் நெரிசலில் ஊர்ந்தது. இறங்கி ஓடினோம். வாசலில் காவலர் உன் பையைச் சோதித்து, இரவுக்கென்று நீ ஒளித்துவைத்திருந்த பெரிய நண்டுக்காலை வெளியே எடுத்தார். சமைத்த சாப்பாடு உள்ளே போகாதாம். கப்பலின் மேல்தட்டில் உன் மகள், "அம்மா! ஓடி வாங்கோ!" என்று கத்தினாள். கப்பல் ஊதியது.

"எறிஞ்சுபோட்டு ஓடடி!" என்றேன் நான்.

நீயா எறிவாய்? பாதியை உடைத்து, தடுப்புக்கு மேலால் எனக்கு நீட்டினாய். மீதியை அங்கேயே நின்று தின்றாய். "ரெண்டு நிமிசம், தம்பி," என்று காவலருக்குத் தமிழிலேயே சொன்னாய். அவர் சிரித்துவிட்டார். விரலைச் சூப்பிக்கொண்டே நீ ஏறிய பிறகுதான் கப்பல் போனது.

போன மாசியில் உன் மகள்தான் போன் எடுத்து நீ கண்மூடிய செய்தியைச் சொன்னாள். அழுது முடியவில்லை எனக்கு. "அம்மா எந்த நாளும் அந்த நண்டைப் பற்றித்தான் கதைப்பா, அன்ரி," என்றாள். அழுகைக்கு நடுவிலும் இரண்டு பேரும் சிரித்தோம்.

இன்று மத்தியானம் கறி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சினியோரா போன் எடுத்து, கொஞ்சம் முந்தி வரமுடியுமா என்று கேட்டார். முன்பென்றால் சாப்பாட்டுக் கோப்பையை மூடிவைத்துவிட்டு ஓடியிருப்பேன். நண்டு சாப்பிடுகிறேன், முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது.

பெரிய காலை உடைத்து, பாதியைக் கோப்பையின் அடுத்த கரையில் உனக்கு வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆறுதலாக அதையும் நானே தின்றேன். எறிந்தால் நீ சும்மா விடுவாயா?