கூப்பிடாத சாட்சி

என்னங்க,

பெயின்ட் அடிக்க ஆள் வருகிறார்கள் என்று நேற்று பரணைக் காலி செய்தேன். பழைய சூட்கேஸில் வளைகாப்பு ஆல்பம் இருந்தது. முதல் படத்திலேயே நீங்கள்தான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் புளியோதரை வாளி. பெண்டாட்டியின் வளைகாப்பா, கட்சி மாநாட்டுப் பந்தியா என்று தெரியாத மிடுக்கு. படத்தின் மூலையில் சிவப்பு எழுத்தில் தேதி இருக்கிறது, நேரம் இல்லை. நேரம் இல்லாததால்தானே வக்கீலுக்கு அந்த யோசனையே வந்தது.

ஒய்டூகே புண்ணியத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்தவள் நான். நீங்கள் ஏ.எஸ்.ராவ் நகரிலேயே வளர்ந்தவர், நம் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த தொழிற்சாலைக்காரர் பிள்ளை. தண்ணீர் லாரி வராவிட்டாலும், யாருக்காவது ரத்தம் தேவைப்பட்டாலும் தெருவே உங்களைத்தான் தேடும். அந்தச் சுறுசுறுப்பைப் பார்த்துத்தான் அமைப்புக்காரர்கள் உங்களைக் கொத்திக்கொண்டு போனார்கள். இரண்டே வருடத்தில் பகுதிச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் ஹாலில் உட்கார இடம் இருக்காது. "அவங்கள வளர விட்டோம்னா நாளைக்கு நமக்கு நிக்க எடம் இருக்காது" என்று பேசுவீர்கள். நல்ல குரல் வேறு. அந்தப் பேச்சுக்கு டீ போட்டுக் கொடுத்தவள் நான். ஒரு நாளும் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை மறைத்துவிட்டு உங்களை மட்டும் எழுதினால் நியாயமாகாது.

வளைகாப்பு காலையிலேயே முடிந்துவிட்டது. அன்று சாயங்காலம், கோயில் சுவரை யாரோ அசிங்கப்படுத்திவிட்டார்கள் என்று ஒரு செய்தி வந்தது. சுத்தப் பொய் என்று மறுநாளே தெரிந்தது. அதற்குள் நீங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு திருமுல்கேரிக்குப் போய், மெத்தை தைக்கும் முஸ்லிம் பாய் ஒருவரின் கடைக்குத் தீ வைத்தாயிற்று. பஞ்சு எரிய எவ்வளவு நேரம் வேண்டும்? தையல் மெஷினை வெளியே இழுக்க ஓடிய பாயின் வலது கை முழங்கை வரை வெந்துபோனது. நம் கல்யாண மெத்தையைத் தைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

அமைப்பு வைத்த வக்கீல் பெரிய கெட்டிக்காரர். ஆல்பத்தைப் புரட்டிவிட்டு என்னிடம், "பங்ஷன் ஈவினிங் ஜரிகிந்தனி செப்பண்டம்மா, சாலு" என்றார். விசேஷம் மாலையில் நடந்தது என்று மட்டும் நான் சொன்னால் போதுமாம். தீ வைத்த நேரத்தில் நீங்கள் வளைகாப்பில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்ததாக ஆகிவிடும். காலை நல்ல நேரத்தில்தான் நம் வீடுகளில் வளையல் அடுக்குவோம் என்பது கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டுக்காரர்களும் அப்படியே சொல்லத் தயார். நானும் தயார். "சாயங்காலம் ஆறு மணிக்கு" என்று கண்ணாடி முன் நின்று சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன்.

சாட்சிகள் உள்ளே இருக்கக் கூடாது என்று என்னைக் கோர்ட் வராந்தாவில் உட்கார வைத்தார்கள். மடியில் குழந்தை, பக்கத்தில் ஆல்பம். எந்த நிமிடமும் என் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று 'ஆறு மணி'யை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவே இல்லை. வக்கீல்தான் கையை உதறிக்கொண்டு வெளியே வந்தார். "ஆயனே ஒப்புக்குன்னாடம்மா!" அவரே ஒத்துக்கொண்டார் என்கிறார். நீதிபதி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க, 'பொய்' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் நீங்கள் 'ஆமாம்' என்றிருக்கிறீர்கள். பாவி மனுஷா என்று வாய்விட்டே திட்டினேன். நாலு வருடம் போட்டார்கள்.

சிறையில் முதல்முறை பார்த்தபோது சண்டைதான். "எனக்காகவாவது வாய மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நிதானமாகச் சொன்னீர்கள்:

"ஏட்டி, பாய் கூண்டுல நின்னு அந்தக் கைய நீட்டி என்னக் காட்டுனாரு. நம்ம வக்கீலு அவரப் பொய்யன்னு சொன்னாரு. அதுக்கு பாய், 'இன்கே ஷாதீ கா கத்தா மைச் ஸியா, மேரே கோ ஜூட் கைக்கு?'ன்னாரு. இவன் கல்யாண மெத்தையத் தச்சவனே நான், எனக்கு எதுக்குப் பொய்யின்னு கேக்காரு. அடுத்து நீ வந்து அதே கூண்டுல நின்னு பொய் சொல்லணும். நெசத்தச் சொல்லுத மனுசன் பொய்யனாயிருவாருல்லா?"

அன்று எனக்கு அது ஏறவில்லை. கைக்குழந்தையோடு மாதாப்பூர் பஸ் பிடித்து வேலைக்குப் போய் வந்தவளுக்கு எங்கே ஏறும்? கோபம் ஆற ஒரு வருடம் ஆயிற்று.

விடுதலையான காலையில் சிறை வாசலில் அமைப்புக்காரர்கள் தப்பு மேளமும் மாலையுமாக நின்றார்கள். கழுத்தில் விழுந்த மாலையைக் கழற்றி, போட்டவர் கையிலேயே கொடுத்தீர்கள். "கடைய எரிச்சதுக்கா மால?" என்று கேட்டுவிட்டு என்னோடு சிட்டி பஸ்ஸில் ஏறினீர்கள். துரோகி என்று கத்தினார்கள். நீங்கள் இரண்டு டிக்கெட் கேட்டீர்கள்.

பாயைப் பார்க்க மூன்று முறை போனீர்கள். இரண்டு முறை அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மூன்றாம் முறை, உண்மையைச் சொன்னது நல்லது, ஆனால் மன்னிக்க மட்டும் என்னால் ஆகாது, இனி வர வேண்டாம், நக்கோ என்றாராம். வீட்டுக்கு வந்து, "அவரு சொன்னதுல என்ன தப்பு?" என்று மட்டும் சொன்னீர்கள். அப்புறம் ஸ்கூல் வேன் ஓட்டினீர்கள். ஐந்து வருடம். பிறகு அந்த மாரடைப்பு உங்களைக் கொண்டுபோயிற்று.

நீங்கள் அந்த ஹாலில் பேசிய பேச்சுக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அந்தத் தீக்காகவும்தான். ஆனால் எல்லாரும் சேர்ந்து தப்பிக்க வழி செய்து கொடுத்தும் போகாத மனிதர் என் புருஷன் என்பதில் எனக்கிருக்கும் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

போன வாரம் நம் பெண் பள்ளியிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "அம்மா, நான்னா நிஜங்கா ஆ ஷாப் கால்சாடா?" அப்பா உண்மையிலேயே கடையை எரித்தாரா என்று. வகுப்பில் ஒருத்தி சொன்னாளாம். இல்லை என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. கோர்ட்டில் சொல்லாமல் தப்பித்த பொய்யைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடமா சொல்வது?

"ஆமா, எரிச்சாரு. பெரிய தப்பு. ஒருத்தர் கை வெந்து போச்சு. கோர்ட்ல அப்பாவே ஒத்துக்கிட்டாரு" என்றேன். போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை. நானும்தான்.

மறுநாள் டீச்சர் போன் செய்தார். மதிய இடைவேளையில் நம் பெண் அந்தத் தோழியிடம் போய் எல்லார் முன்னாலும் சொன்னாளாம்: "ஹவ், சேசாடு. ஆயனே கோர்ட்லோ செப்பாடு. மீ நான்ன அய்தே செப்தாடா?" ஆமாம், செய்தார், அவரே கோர்ட்டில் சொன்னார், உங்கப்பாவாயிருந்தால் சொல்வாரா என்று.

கொஞ்சம் கண்டித்து வையுங்கள் என்றார் டீச்சர். சரி என்று சொல்லிவிட்டேன். இதுவரை கண்டிக்கவில்லை.