பக்கத்துப் பங்கரில் பட்டினி

12 மார்ச் 2009, கிரின்ஸ்டெட், டென்மார்க்
இன்றும் போன் லைன் இல்லை. வன்னிச் சண்டைக்குள், பதுங்குகுழிப் பங்கரில் கிடக்கும் தங்கச்சி மனோ சாப்பிட்டாளோ என்று கேட்கவேண்டும், அவ்வளவுதான். தொழிற்சாலையில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

15 மார்ச்
கதைத்துவிட்டாள்!
"நாங்கள் சாப்பிட்டிட்டம் அக்கா. பக்கத்துப் பங்கர்ச் சனம்தான் பாவம், கஞ்சிக்கும் வழியில்லை."
உன்ர பிள்ளை?
"அவனும் சாப்பிட்டவன்."
அப்பாடா. கெட்டிக்காரி, எப்படியும் சமாளிப்பாள்.

19 மார்ச்
என்னோடு ஒரே மெஷினில் நிற்கும் றொபேட், அயர்லாந்துக்காரர். எங்கள் சனம் பட்டினி கிடக்கிறது என்று வாய் திறந்தேன், மனிசன் தன் நாட்டில் நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி உருளைக்கிழங்கு அழுகிய பஞ்சத்தைத் தொடங்கிவிட்டார். எந்தக் காலத்துக் கதை! டெனிஷில் கத்திவிட்டு விலகிப் போனேன். ஆருக்கு வேணும் உன்ர கிழங்குக் கதை?

27 மார்ச்
மனோ எடுத்தாள். அதே பதில்தான், தாங்கள் சாப்பிட்டாச்சு, பக்கத்துப் பங்கருக்கு இல்லை. அவர்களுக்கும் கொஞ்சம் கொடு என்று புத்தி சொன்னேன். "ஓம் அக்கா" என்றாள்.

2 ஏப்ரல்
றொபேட் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். விடமாட்டார் போல. அவர் ஊரில் பஞ்சக் கதை நிறைய உண்டாம். புல்லைத் தின்று வாய் பச்சையாகச் செத்துக் கிடந்த சனம்கூட உண்டாம். ஆனால் ஒருவரும் தங்கள் வீட்டில் என்று சொல்லமாட்டார்களாம். எல்லாம் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில்தானாம்.
"அங்கே போய்க் கேட்டால் அவர்கள் எங்கள் ஊரைக் காட்டுவார்கள். பட்டினி கிடந்தோம் என்று சொல்ல வெட்கம்."
அவர் சிரித்தார். நான் மெஷினை நிறுத்தினேன்.
பக்கத்துப் பங்கர்... ஐயோ, அதில ஆரடி இருக்கினம்? நீதானேயடி, மனோ! குடு எண்டு வேற சொன்னேனே. எதைக் குடுப்பாய்?

20 ஏப்ரல்
லைன் இல்லை. என் மனிசன் சண்டையை நிறுத்தச் சொல்லும் கொப்பன்ஹேகன் ஊர்வலத்துக்குப் போனார். எனக்கு மனமில்லை. கத்தி ஆர் கேட்டது?

18 மே
சண்டை முடிந்ததாம். டெனிஷ் செய்தியில் ஒரு சொட்டு, பிறகு வானிலை. முடிஞ்சுதாம்! என்ர தங்கச்சி எங்க?

9 ஜூன்
செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து, யாரோ களவாய் வைத்திருந்த போனில், மனோ! மகனும் பக்கத்தில் இருக்கிறான்.
"என்னட்டை மறைக்காதை, உண்மையைச் சொல்லு" என்றேன்.
குரலைத் தாழ்த்தினாள்.
"பசிக்குதக்கா," என்றாள். "மாசக்கணக்காப் பசிக்குது."
பக்கத்துப் பங்கர் என்று சொல்லவில்லை! விசர் பிடித்தவள் மாதிரி வீடெல்லாம் ஓடினேன். "இஞ்சேருங்கோ, மனோவுக்குப் பசிக்குதாம்! மனோவுக்குப் பசிக்குதாம்!"