‘பதிவு இல்லை’ என்று கையெழுத்திட்டவன் எழுதுவது

அன்பு மகளுக்கு,

உன் தந்தையும், நம் பங்குக் கோயிலின் பதிவேடுகளுக்கு எட்டு ஆண்டுகளாகப் பொறுப்பாளனும், ஜூன் ஒன்பதாம் தேதியிட்ட ‘பதிவு இல்லை’ என்ற விடையின் கீழே பேனாவை அழுத்திக் கையெழுத்திட்டவனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் நலமாயிருக்கிறோம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக அடுத்த கடிதத்தில் இரண்டு வரி எழுது. இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றுதான். மேற்படி விடையை நான் முழுவதுமாகத் திரும்பப் பெறுகிறேன். அந்த விவகாரத்தில் நீயே வென்றாய் என்பதை என் கைப்பட எழுதித் தருகிறேன். போனில்தான் சொல்லியாயிற்றே என்பாய். தவறைக் காகிதத்தில் செய்தவன் காகிதத்தில்தான் திருத்த வேண்டும்.

உன் அம்மாவின் முழங்கால் முன்னைக்குத் தேவலை. மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதை, மொட்டை மாடியில் காயும் துணிகளை இனி நான்தான் எடுத்துவர வேண்டும் என்ற உத்தரவாக அவள் வீட்டில் நடைமுறைப்படுத்திவிட்டாள். உன் தம்பி நிலுவையில் வைத்திருந்த இரண்டு பாடங்களிலும் தேறிவிட்டான். எப்படி என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நீ அனுப்பிய கல்யாணப் போட்டோவை அம்மா பிரிண்ட் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தையல்கடையிலும் மருந்துக்கடையிலும் எடுத்து எடுத்துக் காட்டுகிறாள். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாகக் கதை சொல்கிறாள். நேற்றைய பதிப்பில் மணப்பெண்ணைக் கல்லறையிலிருந்தே நான் எழுப்பிக் கொண்டுவந்துவிட்டேன். ஆகையால் நடந்ததை வரிசைப்படி இங்கே எழுதுகிறேன், உனக்குத் தெரிந்த பகுதி உட்பட. இதன் நகல் ஒன்று பதிவேட்டு அறைக் கோப்பில் இருக்கும். எனக்குப் பின் அந்த நாற்காலியில் உட்காருகிறவர் படித்தாலும் விளங்க வேண்டும்.

படித்த படிப்புக்கு ஏற்ற வேலையை விட்டுவிட்டு, தூரத்து ஊர் ஒன்றின் பங்கில் ஓராண்டு தன்னார்வப் பணியாளராகப் போகிறேன் என்று நீ சொன்னபோது, சம்பளமில்லாத வேலைக்கு நியமனக் கடிதம் ஒரு கேடா என்று நான் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது; உனக்கும் நினைவிருக்கும். நாற்காலி போடுவதும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பதும், நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோகிறவர்களுடன் துணைக்குப் போவதுமாக நீ எழுதிய கடிதங்களைப் படித்து, ஓராண்டு வீண் என்றே மனத்துக்குள் முடிவு கட்டியிருந்தேன். மே மாதம் உன்னைத் திருமணத் தயாரிப்புப் பணியில் போட்டார்கள். அங்கே உன்னிடம் வந்தவர்தான் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்யும், நீ சலவை அக்கா என்று எழுதும் அந்தப் பெண். வயது நாற்பத்து நான்கு. மாப்பிள்ளை, மனைவியை இழந்த பஸ் டிரைவர். கோயிலில் கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற்றதற்குச் சான்றிதழ் வேண்டும். சலவை அக்கா தான் பிறந்த ஊர் என்று நம் ஊரையும், திருமுழுக்குப் பெற்ற இடம் என்று நம் பங்கையும் சொன்னதும் நீ துள்ளிக் குதித்து எனக்கு விண்ணப்பம் அனுப்பினாய். நான் அவர் பிறந்த ஆண்டையும் அதற்கு அடுத்த இரண்டு ஆண்டுகளையும் பக்கம் பக்கமாக, ஸ்கேல் வைத்து, வரி வரியாகப் பார்த்தேன். பெயர் இல்லை. ‘பதிவு இல்லை’ என்று எழுதி, முத்திரை வைத்து அனுப்பினேன். சொந்த மகளே கேட்டாலும் இல்லாததை இருக்கிறது என்று எழுதாத என் நேர்மையை நினைத்து அன்று கொஞ்சம் பெருமையும் பட்டேன், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்த ஒரு வரி அங்கே என்ன செய்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் பங்கு அலுவலகத்துக்காரர், பதிவு இல்லையென்றால் திருமுழுக்கு இல்லை, இனி ஒரு வருஷம் மறைக்கல்வி படித்து அடுத்த ஈஸ்டர் பாஸ்காவுக்குத் திருமுழுக்குப் பெறட்டும், கல்யாணத்தை அப்புறம் பார்க்கலாம் என்று கோப்பை மூடிவிட்டார். அதற்குச் சலவை அக்கா, “கல்யாணம் தள்ளிப்போனா போகட்டும் சார், இத்தனை வருஷம் போகலையா. ஆனா ஒருத்திக்கு ரெண்டு தடவை தண்ணி ஊத்துவாங்களா? அப்ப எங்கம்மா சாகுறவரைக்கும் சொல்லிட்டிருந்தது பொய்யா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டதாக எழுதினாய். மறுநாள் டிரைவர் வந்து, “அவ மறுபடி திருமுழுக்கு எடுக்க மாட்டா, நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன், எத்தனை வருஷம் ஆனாலும் வண்டி இந்த ஸ்டாப்புலதான் நிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனதையும் எழுதினாய். ஒரு தாயின் சொல்லைப் பொய்யாக்கிவிட்டுப் பெற்றுக்கொள்ளும் சான்றிதழ் அவர்களுக்கு வேண்டாம். அதைப் பொய்யாக்கியதோ என் கையெழுத்து.

நீ அலுவலகத்துக்காரரோடு சண்டைக்கு நிற்கவில்லை. வேலை முடிந்த பிறகு மூன்று சாயங்காலம் சலவைப் பிரிவுக்குப் போய், அவரோடு எதிரும் புதிருமாக நின்று பெட்ஷீட் மடித்தாய். என் மகள் வீட்டில் ஒரு தலையணை உறை மடித்துப் பார்த்ததில்லை என்று உன் அம்மா இதற்கு ஓர் ஆட்சேபணை பதிவு செய்திருக்கிறாள். மூன்றாம் நாள்தான் அந்த விவரம் வந்தது: ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை, மூச்சு நின்று நின்று வந்தது, பாதிரியார் வரும்வரை தாங்காது என்று பிரசவம் பார்த்த நர்ஸே மருந்து அளக்கும் கிளாஸில் தண்ணீர் எடுத்துத் தலையில் ஊற்றித் திருமுழுக்குக் கொடுத்துவிட்டார். (அளவுக்கோடு போட்ட பாத்திரம் என்று அறிந்து, எடை அளவு ஆய்வாளன் என்ற முறையில் மகிழ்ந்தேன்.) உயிருக்கு ஆபத்தான நேரத்தில் யார் வேண்டுமானாலும் அப்படிக் கொடுக்கலாம் என்பதும், கொடுத்தால் அது செல்லும் என்பதும் திருச்சபைச் சட்டம், எனக்குத் தெரியாததல்ல. ஆனால் தேடும்போது அது என் புத்திக்கு எட்டவில்லை. அன்று போனில் நீ, “அப்பா, நீங்க தேடினதுல தப்பே இல்ல. பிறந்த குழந்தையத் தேடியிருக்கீங்க. சாகப்போற குழந்தையத் தேடிப் பாருங்க” என்று சொன்னாய். இருபத்தைந்து ஆண்டு உத்தியோகத்தில் எந்த மேலதிகாரியும் எனக்கு இவ்வளவு தெளிவான உத்தரவு தந்ததில்லை.

அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்ட நர்ஸின் பெயரைச் சலவை அக்கா மறக்கவில்லை. அந்தப் பெயரை நம் பங்குக் குடும்ப அட்டைகளில் தேடினால், ஞாயிறுதோறும் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காரும் அம்மையார்தான் அவர்! ஓய்வு பெற்று இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போய், வந்த காரியத்தைச் சொன்னதும், “ஓ, பதிவு இல்லைன்னு எழுதின பெரிய மனுஷன் நீங்கதானா? எடை ஆபீசர் வேற. நான் எடுத்த புள்ளைங்கள்ல பாதிய உங்க தராசுல வச்சிருந்தா, எடை பத்தலைன்னு திருப்பி அனுப்பியிருப்பீங்க, உக்காருங்க” என்றார். உட்கார்ந்தேன். நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சி இருந்தாலும் திருமுழுக்கை நிரூபிக்கப் போதும் என்பதால், அவர் வாக்குமூலத்தை எழுதி வாங்கவே போயிருந்தேன். அவரோ, “வாக்குமூலம் எதுக்கு, நான் ஒவ்வொரு தடவையும் அன்னிக்கே சீட்டு எழுதி கோயில் கிளார்க்குக்கிட்ட குடுத்திருக்கேனே” என்றார். அந்தக் கிளார்க் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. “நல்ல மனுஷன்தான், ஆனா பறக்காவெட்டி, எதுக்கும் அவசரம். நான் சீட்ட நீட்டினா கைய நீட்டிக்கிட்டே கேப்பாரு, அடக்கம் எப்போன்னு. அநேகமா அவர் கேட்டது சரியாத்தான் போகும். என்னைக்காவது ஒருநாள் தப்பாப் போகணும்னு நான் வேண்டிக்குவேன்” என்று அம்மையார் சொன்னபோது, நான் திறக்க வேண்டிய புத்தகம் எது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்குப் பங்குத்தந்தையும் நானும் இரும்பு அலமாரியைத் திறந்து, இறந்தோர் பதிவேட்டின் மூன்றாம் தொகுதியை எடுத்தோம். முன்பக்கத்திலிருந்து வழக்கமான அடக்கங்கள். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பிரித்தால், அதே கிளார்க்கின் சாய்ந்த கையெழுத்தில் தனிப் பட்டியல்: ஆபத்து நேரத் திருமுழுக்குகள். பெற்றோர் பெயர், கொடுத்தவர் பெயர், நாள், கடைசிக் கட்டத்தில் அடக்க நாள். எப்படியும் அந்தக் கட்டம் நிரம்பத்தான் போகிறது, இரண்டு புத்தகத்தில் எழுதுவானேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மொத்தம் இருபத்தாறு குழந்தைகள். நான் ஸ்கேலை வைத்து இறக்கிக்கொண்டே வந்தேன். திருமுழுக்கு அன்றே அடக்கம், மறுநாள் அடக்கம், மூன்றாம் நாள் அடக்கம். பங்குத்தந்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஒவ்வொரு பெயரையும் நான் வாய்விட்டுப் படித்தேன். வேகமாகப் படிக்க மனம் வரவில்லை. பதினான்காவது வரியில் சலவை அக்காவின் பெயர். தகப்பனார், தாயார், நர்ஸம்மா, நாள், எல்லாம் இருக்கிறது. கடைசிக் கட்டம் காலி. இருபத்தாறில் அந்த ஒன்றுதான் காலி. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறும் என்பது உனக்குத் தெரியும். அன்று அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்து நான் கைதட்டிவிட்டேன் மகளே, பதிவேட்டு அறையில், பங்குத்தந்தைக்கு முன்னால். அவரும் கைதட்டினார். உடனே உன் அம்மாவுக்குப் போன் செய்து, “கிடைச்சிட்டா, செத்தவங்க புத்தகத்துல உயிரோட இருக்கா” என்றேன். அவள், “வெயில்ல அலையாதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்ல” என்றாள்.

அதன் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. திருமுழுக்குப் பதிவேட்டில் புதிய பதிவு, ஓரத்தில் மூலப் பதிவின் தொகுதி எண், பக்க எண், விளக்கக் குறிப்பு, பங்குத்தந்தையின் கையெழுத்து, முத்திரை. பிரதி அன்றே மின்னஞ்சலில், அசல் மறுநாள் கூரியரில். உங்கள் அலுவலகத்துக்காரர், இறந்தோர் பதிவேட்டில் இருப்பதை எப்படி ஏற்பது, விதி என்று ஒன்று இருக்கிறதே என்று இழுத்ததற்கு, “விதியோடயே வளர்ந்தவ சார் நான், எங்கப்பா சோறு ஊட்டும்போதே ஊட்டிட்டாரு. நீங்க பாதி விதிதான் படிச்சிருக்கீங்க, மீதிய நான் படிக்கிறேன், கேளுங்க” என்று நின்ற இடத்திலேயே சட்டத்தின் எண்ணைச் சொல்லி வாசித்துக் காட்டினாயாமே. அதை நீ எழுதவில்லை. உங்கள் பங்குத்தந்தை நம் பங்குத்தந்தைக்கு எழுதினார். அந்தப் பகுதியை மட்டும் நான் நான்கு முறை படித்தேன். சான்றிதழ் எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட சலவை அக்கா, சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்து, “நாப்பத்து நாலு வருஷமா செத்தவங்க லிஸ்ட்ல இருந்துக்கிட்டா நான் இத்தனை பெட்ஷீட்ட துவைச்சேன்?” என்றதையும், அப்புறம் அந்தத் தாளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, “எங்கம்மா பொய் சொல்லல” என்று ஒரே ஒரு தடவை சொன்னதையும் நர்ஸம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு, “ஒருநாளாவது தப்பாப் போச்சே” என்றார். மூன்று வாரம் கழித்துச் சனிக்கிழமை நடந்த கல்யாணத்துக்கு டிரைவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து வாசலில் நின்றதையும், சலவைப் பிரிவுப் பெண்கள் பீடத் துணிகளைக் கத்தி மடிப்பாக இஸ்திரி போட்டு விரித்ததையும் போட்டோவில் பார்த்தேன். ஓரத்தில், யாரும் கவனிக்காத இடத்தில், நாற்காலி அடுக்கிக்கொண்டு நிற்கிறாய் நீ. இவ்வளவு பெரிய வெற்றி பெற்றவள் நாற்காலி அடுக்குகிறாளே என்று உன் தம்பி கேட்டான். வெற்றி பெற்றதால்தானே அன்று அத்தனை நாற்காலி தேவைப்பட்டது என்று அவனுக்குச் சொன்னேன்.

ஆகவே, ஓராண்டு வீண் என்ற என் கருத்து இதனால் ரத்து செய்யப்படுகிறது. இன்னும் ஓராண்டு இருக்கச் சொல்கிறார்கள், என்ன சொல்ல என்று கேட்டிருந்தாய். இரு. எனக்குச் சம்மதம், அம்மாவுக்கும் சம்மதம். அவள் சம்மதத்துக்குக் கண்ணீர் இணைப்பாக உள்ளது. நாற்காலிகளை நான்கு நான்காகத் தூக்காதே, இரண்டிரண்டாகத் தூக்கு. அனுப்பும் ஒவ்வொரு தாளுக்கும் நகல் வை. அலுவலகத்துக்காரரோடு முகம் கொடுத்துப் பேசு, அவரும் என்னைப் போல ஒருவர்தான், பாதி படித்தவர். விடுதியில் தங்கும் அனுமதியைக் காலாவதிக்கு இரண்டு வாரம் முன்பே புதுப்பித்துவிடு, மறந்தால் நான் மன்னிப்பேன், விடுதிக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். நீ படியேறிப் போகும் வீடெல்லாம் உன்னால் விளங்கட்டும். போகிற இடத்தில் எல்லாம் இறைவன் உனக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்து வைக்கட்டும்.

இந்த எட்டு ஆண்டுகளில் ‘பதிவு இல்லை’ என்று நான் கையெழுத்திட்டு அனுப்பிய விடைகள் மொத்தம் இருபத்து மூன்று. நகல்கள் அத்தனையும் என்னிடம் இருக்கின்றன. உன் கணக்கில் ஒன்று போக, மீதி இருபத்து இரண்டு பேர் எங்கெங்கோ என் கையெழுத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். ஞாயிறு மதியம் இரண்டு மணி. பதிவேட்டு அறைச் சாவியைப் பங்குத்தந்தையிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். இக்கடிதத்தை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு நேரே அங்கே போகிறேன். முதல் நகலை எடுத்து, எல்லாப் புத்தகங்களையும் பின்பக்கத்திலிருந்து தேடப் போகிறேன்.

இப்படிக்கு,
திருத்தத்துக்கு உட்பட்ட
உன் அப்பா