ஃப்ரிட்ஜுக்கும் ஓய்வு

1984, சரஸ்வதி பூஜை. இரவு.

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மாதக்கணக்கில் முட்டைகளுக்குள் ஒரு கோழி வைரஸை வளர்த்து, அதன் மேலுறையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்து வைத்திருந்தேன். அந்தப் புரதத்தை முடக்கும் மருந்தைத் தேடுவதுதான் என் ஆராய்ச்சி. குளிரில் இல்லாவிட்டால் அது கெட்டுவிடும். கரண்ட் போயிருக்குமோ என்ற பயத்தில்தான் லீவென்றும் பாராமல் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து லேபுக்குப் போனேன். ஃப்ரிட்ஜ் கதவில் சந்தனப் பொட்டு. ஸ்விட்ச் அணைந்திருந்தது. குழாய்க்குள் என் புரதம் கெட்ட பாலைப் போலத் திரிதிரியாக நின்றது.

நேராக என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் சார் வீட்டுக்குப் போனேன். இன்று லீவு என்பதால் நேற்றே லேபில் பூஜை போட்டவர் அவர்தான்.

"ஃப்ரிட்ஜை யார் சார் அணைச்சது?"

"நான்தாம்மா. ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினும் ஓய்வா இருக்கணும் இல்லையா?"

"உள்ள என் புரதம் இருந்துச்சு சார்."

"அடடா. சரி விடும்மா, மறுபடி எடுத்துக்கலாம். சுண்டல் சாப்பிட்டுட்டுப் போ."

எடுத்துக்கலாமாம்! யார் எடுப்பது, இவரா?

கூடத்தில் அவர் வீட்டு ஃப்ரிட்ஜ். அதிலும் அதே சந்தனப் பொட்டு. அது மட்டும் உறுமிக்கொண்டு ஓடியது.

"இதுக்கு ஓய்வு இல்லையா சார்?"

"அதுல பால் இருக்கேம்மா."

சுண்டலைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

இன்று படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது என்று அம்மா என் பேனாவையும் பூஜையில் வைத்திருந்தாள். அதை எடுத்துத்தான் இதை எழுதுகிறேன். விரலெல்லாம் குங்குமம்.