மேஸ்திரியின் ஈறும் உன் கண்ணும்

கூப்பிட்ட குரலுக்கு "என்னக்கா" என்று கேட்டுக்கொண்டே ஓடிவரும் என் ராசா முருகேசா,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் மேஸ்திரி பிழைத்துக்கொண்டான். இதை எழுதும்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறான். இரண்டு தட்டு தயிர்ச்சோறு தின்றுவிட்டு, மூன்றாவது தட்டு எங்கே என்று என் முகத்தையே பார்க்கிறான். பூண்டுக் காட்டு வரப்பில் உட்கார்ந்து வேலையாட்களை மேற்பார்வை பார்க்கிறான் என்று ஒரு நாய்க்கு மேஸ்திரி என்று பேர் வைத்தாயே, அந்தப் பேரை அவன் இன்னும் கெடுக்கவில்லை.

இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேருமா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பத்து மாதமாக நெஞ்சுக்குள் ஒரு கல்லை வைத்துக்கொண்டு அலைந்தேன், அது போன வாரம் இறங்கிவிட்டது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? இந்த மலைமேல் நம் போளூரில் யாரிடமாவது வாயைத் திறந்தால், செல்விக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அடுத்த பஸ் வருவதற்குள் ஊரெல்லாம் பரப்பிவிடுவார்கள்.

அது என்ன கல் என்று உனக்குத் தெரியும். நீ பழனி போய்விட்டு வந்த அன்றைக்குச் சாயங்காலம், தோளில் கிடந்த பையைக்கூட இறக்காமல் என் அடுப்படிக்கு வந்து நின்றாய். மேஸ்திரி உன் மேல் தாவி ஏறினான். அந்தக் கூத்தை நான் போனில் ஒரு படம் எடுத்தேன். அப்புறம் நீ சொன்னாய்: "அக்கா, ரெண்டு நாளா ஒரே அலுப்பா கெடக்கு. கண்ணு மஞ்சளா தெரியுதான்னு கொஞ்சம் பாரேன்."

பார்த்தேன். மஞ்சளாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்த அடுப்படியில் எதுதான் மஞ்சளாகத் தெரியாது? சுவர் மஞ்சள், சோறு மஞ்சள், உன் மாமாவின் நரைத்த மீசைகூட மஞ்சள். "பல்பு வெளிச்சம்டா, போய்ப் படு" என்று சொல்லிவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து உன்னை மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காமாலை என்றார்கள், கல்லீரல் போய்விட்டது என்றார்கள். இந்த ஒரு வாரத்துக்குள் வேகமாக முற்றிவிட்டது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். நீயே வந்து கேட்டாய், நான் பல்பைச் சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றே கூட்டிக்கொண்டு போயிருந்தால்? அந்தப் படத்தை அதற்குப் பிறகு நான் திறக்கவே இல்லை.

அந்தக் குண்டு பல்பை வைத்து நீ என்னை எவ்வளவு கேலி செய்திருப்பாய்! ஊரெல்லாம் எல்.இ.டி.க்கு மாறிவிட்டது. நான் மட்டும் கொடைக்கானல் போகும்போதெல்லாம் கடை கடையாக ஏறி குண்டு பல்பு கேட்பேன். எல்.இ.டி. வெளிச்சம் கொடுக்கும், சூடு கொடுக்குமா? நம் ஊர்க் குளிரில் தலைக்கு மேல் அது எரிந்தால்தான் எனக்குக் கை ஓடும். மேஸ்திரிக்கும் அதற்கு நேர் கீழேதான் சாக்கு விரித்திருக்கிறேன். அதனால் அவனை எப்போது படம் எடுத்தாலும் சாம்பல் நாய் செவலையாக மாறிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் திங்கட்கிழமையிலிருந்து மேஸ்திரி சோறு தொடவில்லை. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாக்கை விட்டு எழுந்திருக்கவே இல்லை. வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோனால் என்னையே பார்த்து உறுமுகிறான். இரண்டு நாளாக அடைமழை வேறு. மன்னவனூர் ரோட்டில் மரம் விழுந்து பஸ்ஸும் வரவில்லை.

தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போனால்தான் நமக்கு சிக்னல் என்பது உனக்குத் தெரியாததா? மழைக்குத் தலையில் சாக்குக் கொங்காணியைப் போட்டுக்கொண்டு ஏறிப்போய், கொடைக்கானலில் இருக்கும் கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "ஈறு என்ன கலர்ல இருக்குன்னு பாருங்கம்மா. ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றார்.

மணி மூன்றரைதான் இருக்கும். ஆனால் பனிமூட்டமாய் மஞ்சு இறங்கி வீட்டுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. பல்பைப் போட்டேன். உன் மாமா தொடைக்கு நடுவே அவனை இடுக்கிக்கொண்டு மேலுதட்டைத் தூக்கினார். "வெரசா எடு புள்ள, கடிச்சு வச்சுரப் போறான்!" என்று கத்தினார். எடுத்தேன். படத்தைப் பார்த்தேன். ஈறெல்லாம் மஞ்சள்.

மறுபடியும் மேட்டுக்கு ஏறி அனுப்பினேன். டாக்டரம்மா உடனே கூப்பிட்டார். "மஞ்சளாத்தாம்மா தெரியுது. ஆனா உங்க லைட்டே மஞ்சளா இருக்கும் போல, இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியல. வெளிய பகல் வெளிச்சத்துல வச்சு இன்னொண்ணு எடுங்க" என்றார். அவர் சொன்னதில் முதல் வார்த்தைதான் என் காதில் ஏறியது. நாயை வாசலுக்கு இழுத்து வந்து பார்த்திருக்கலாம். மழை என்று உன் மாமாவிடம் சொன்னேன். உண்மை அது இல்லை. வெளிச்சத்தில் பார்த்து, அங்கேயும் மஞ்சளாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். உன்னைக் கொண்டுபோன அதே மஞ்சள், நீ விட்டுப்போன ஒரே உயிரையும் கொண்டுபோகப் போகிறது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் உன் கூட்டாளி ரஹீம் பாய் நினைவு வந்தது. கொடைக்கானல் பஜாரில் அதே ஸ்டூடியோதான், அதே பாஸ்போர்ட் போட்டோதான், இன்னும் கொஞ்சம் தொப்பைதான் கூடியிருக்கிறது. அவருக்குப் படத்தை அனுப்பி, டாக்டரம்மாவுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி வெளிச்சம் கூட்டித் தரச் சொன்னேன்.

"வெளிச்சத்தைக் கூட்டுனா மஞ்சளும்ல கூடும்க்கா" என்றார். "இந்தப் படத்துல வெள்ளையா ஒரு சாமானும் இல்ல. எது நெசமான வெள்ளைன்னு தெரிஞ்சாத்தான் நான் மஞ்சளைக் கழிக்க முடியும். ஒண்ணு பண்ணுங்க. ஒரு வெள்ளைத் தாளை அவன் வாய்கிட்ட பிடிச்சு, பல்பு வெளிச்சம் ரெண்டு மேலயும் ஒண்ணா விழுற மாதிரி எடுங்க. பிளாஷ் போட்டுறாதீங்க."

நாய்க்கு உயிர் போகிறது, இவர் தாளைப் பிடி என்கிறாரே என்று எனக்குக் கோபம். ஆனாலும் இறங்கி ஓடினேன். பழைய நோட்டில் எழுதாத தாள் ஒன்றைக் கிழித்து உன் மாமா கையில் கொடுத்தேன். மேஸ்திரி இந்தத் தடவை வாயை முழுக்கத் திறந்து சீறினான். அந்தச் சீற்றத்தோடேயே எடுத்துவிட்டேன்.

மேட்டுக்கு ஏறும்போதுதான் படத்தை நிதானமாகப் பார்த்தேன். தாளும் மஞ்சள்! ஈறு மேல் கிடந்த அதே மஞ்சள். நோட்டுத் தாளுக்கு ஏதடா காமாலை? நடு வழியில் மழையில் நின்றுகொண்டு நான் சிரித்தேன். கேரட் மூட்டையோடு எதிரே வந்த ஆள் என்னைப் பார்த்து ஒதுங்கிப் போனார்.

அனுப்பிய ஐந்து நிமிடத்தில் பாய் சரிசெய்த படம் வந்தது. தாள் பளிச்சென்று வெள்ளையாகிவிட்டது. உன் மாமாவின் ஸ்வெட்டர் பச்சையிலிருந்து அதன் சொந்த நீலத்துக்குத் திரும்பியிருந்தது. மேஸ்திரியின் ஈறு, ஆயக்குடிச் சந்தையில் அரிந்து வைப்பார்களே சிவப்புக் கொய்யா, அந்த நிறத்தில் இருந்தது. கூடவே பாயின் குரல்: "அக்கா, ரெண்டு பக்க மேல் பல்லுக்கும் நடுவுல குறுக்கே வெள்ளையா என்னமோ கெடக்கு பாருங்க. கழிக்கிறதுக்கு முன்னாடி எல்லாம் ஒரே மஞ்சளா இருந்ததால தெரியல."

எலும்பு! உன் மாமா ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தபோது எனக்குத் தெரியாமல் போட்ட நெஞ்செலும்புத் துண்டு, அண்ணத்தில் பாலம் மாதிரி குறுக்கே சிக்கிக்கொண்டிருக்கிறது. டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, கரண்டிக் காம்பை உள்பக்கமிருந்து கொடுத்து முன்னால் நெம்பச் சொன்னார். வரவில்லை என்றால் பலவந்தம் பண்ணாமல் அப்படியே விடச் சொன்னார். ஒரே நெம்பில் தெறித்து விழுந்தது. மேஸ்திரி நாக்கைச் சுழற்றிப் பார்த்தான், ஒரு முறை தும்மினான், நேராகச் சோற்றுச் சட்டிக்குப் போனான். உன் மாமா அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுதினால் தாள் போதாது. "அவனும் ஆசையா பாத்தான்ல" என்று முனகிக்கொண்டே அவரும் தட்டை எடுத்துக்கொண்டு என் கண்ணில் படாத மூலைக்குப் போய்விட்டார்.

கதை இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது முருகேசா. வெள்ளிக்கிழமை பஸ் வந்ததும் டாக்டரம்மாவிடம் மேஸ்திரியைக் காட்டினேன். பகல் வெளிச்சத்தில் பார்த்து ஒன்றும் பயமில்லை என்றார். அங்கிருந்து நேராக ஸ்டூடியோவுக்குப் போனேன். பாய்க்கு இரண்டு கொத்து மலைப்பூண்டு கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கிளம்பாமல் நின்றேன்.

"என்னக்கா?"

"இதே மாதிரி இன்னொரு படத்துலயும் மஞ்சளைக் கழிச்சுத் தருவீங்களா பாய்?"

பத்து மாதம் கழித்து அந்தப் படத்தைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய், மேஸ்திரி உன் தோள்மேல் காலைப் போட்டிருக்கிறான், உன் கண் இரண்டும் மஞ்சள். அன்றைக்கு நீ கேட்டதையும் நான் சொன்னதையும் அவரிடம் சொன்னேன். வீட்டில் யாரிடமும் சொல்லாததை அங்கே சொன்னேன்.

பாய் போனை வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "வேணாம்க்கா. கழிச்ச பெறகும் கண்ணு மஞ்சளா நின்னுச்சுன்னா நீங்க தாங்க மாட்டீங்க."

"நின்னா நிக்கட்டும் பாய். தெரியாம இருக்கிறதுதான் என்னையக் கொல்லுது."

இந்தப் படத்திலும் வெள்ளைச் சாமான் வேண்டுமே என்று தேடினார். உன் சட்டை காக்கி, துண்டு காவி. பிறகு படத்தைப் பெரிதாக்கி உன் நெற்றியில் கொண்டுபோய் நிறுத்தினார். பழனியிலிருந்து பூசிக்கொண்டு வந்த திருநீறு அப்பி இருந்தது. "இது போதும்க்கா" என்று அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அக்கா, பாருங்க."

என் மேல் சத்தியமாகச் சொல்கிறேன் முருகேசா, உன் கண் வெள்ளையாக இருந்தது. மலையேறித் தூங்காமல் வந்த சிவப்பு ஓரத்தில் கொஞ்சம் ஓடியிருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் மேஸ்திரி அவனுடைய அசல் சாம்பல் நிறத்தில் இருந்தான். "நான் டாக்டர் இல்லக்கா, படத்துல இருக்கிறதைத்தான் சொல்றேன். அன்னைக்கு மஞ்சளா இருந்தது பல்புதான்" என்றார் பாய். மதுரை டாக்டர் சொன்னது ஆறுதலுக்காக இல்லை என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். போட்டோ எடுக்க வந்த ஒரு அம்மா பயந்து வெளியே நின்றுகொண்டார். பாய் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயின் ருசி இப்போதுகூட நாக்கில் இருக்கிறது. எத்தனை நாளைக்குப் பிறகு எனக்கு ஒரு பொருளின் ருசி தெரிந்தது என்று உனக்குத் தெரியுமா?

முழுக்க விடுதலை ஆகிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கண்ணைத்தான் சரியாகப் பார்த்திருக்கிறேன். அலுப்பாக இருக்கிறது என்றாயே, அதைக் காதில் வாங்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, எங்கே வலிக்கிறது, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கலாம். அந்த வருத்தம் என்னோடு இருக்கட்டும், அதை நான் சுமந்துகொள்வேன். ஆனால் உன்னைச் சாகவிட்டவள் நான் என்ற நினைப்போடு இனிமேல் கண்விழிக்க வேண்டாம். இந்த ஒரு வாரமாக விடியும்வரை தூங்குகிறேன்டா.

அடுப்படியில் ஒரு எல்.இ.டி. பல்பும் மாட்டியிருக்கிறேன், சந்தோஷமா? குண்டு பல்பைக் கழற்றவில்லை. குளிர் குளிர்தானே.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி நாயோ மனுசரோ, யார் என் முன்னால் வாடிய முகத்தோடு வந்து நின்றாலும், பல்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுப்பின் பக்கம் திரும்ப மாட்டேன். என்ன சோலி கிடந்தாலும் அதை அப்படியே போட்டுவிட்டு, கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போய், வெளிச்சத்தில் நிறுத்தி, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை முகத்தைப் பார்ப்பேன். மழை பெய்தாலும் பார்ப்பேன். பயமாக இருந்தாலும் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உன் அக்கா,
மேஸ்திரிக்கு அத்தை,
செல்வி