பொன்னுசாமி என்ற பெயரில் வந்தவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

போய்ச் சேர்ந்த இடத்தில் நிம்மதியாக இருப்பீர்கள் என்று நினைத்திருந்தோம். இல்லையாம். வியாழக்கிழமைதோறும் ஹிஞ்சேவாடியில் ஒரு ஏ.சி. ஃபிளாட்டுக்கு வந்து அம்மாவிடம் இந்தியில் பேசுகிறீர்களாம். வீட்டுக்குள் யார் இந்தி பேசினாலும் எரிந்து விழுந்த நீங்கள்!

அந்த ஃபிளாட்டு அம்மணி ஒரு சைக்கிக். கண்ணும் காதும் சொல்லாததை மனத்தாலேயே அறிகிறவர் என்று அதற்கு அர்த்தமாம். செத்தவர்கள் அவர் வாய் வழியாகப் பேசுவார்களாம். குறி சொல்ல வந்தவளை வாசலோடு விரட்டியவள்தான் அம்மா. அதே வேலையை இங்கிலீஷ் பெயரில் செய்தால் கைகட்டி உட்கார்கிறாள்.

அம்மாவின் மார்பில் கட்டி, அப்பா. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். கத்தி படக் கூடாது என்று நீங்கள் சொல்லிவிட்டீர்களாம். ஏன், தனியாக இருக்கப் போரடிக்கிறதா?

போன வாரம் நானும் கூடப் போனேன். அம்மணி கண்ணை மூடி, "பொன்னுசாமிஜி ஆ கயே" என்றார். வந்துவிட்டாராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழுமலையாகிய உங்களைக் கூப்பிட்டால் அம்மாவைப் பெற்றவர் ஏன் வருகிறார்? கஸ்தூரி பொன்னுசாமி என்று அம்மா பெயர் கொடுத்திருந்தாள். இந்த மராட்டிய ஊரில் கல்யாணமானவள் பெயருக்குப் பின்னால் வருவது புருஷன் வீட்டுப் பெயர். அம்மா போட்டிருப்பது அவளைப் பெற்றவர் பெயர் என்று எந்த ஆவியும் அம்மணியிடம் சொல்லவில்லை.

வெளியே வந்து கத்தினேன். அம்மா அசரவில்லை. "எங்க நைனாவும் கூடவே வந்துகீறாரு போலடி" என்றாள். தலையில் அடித்துக்கொண்டேன். அழுதேன், காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஒன்றும் ஏறவில்லை.

மறுநாள் காலை காபியைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "கனவுல அப்பா வந்தாரும்மா. 'இன்னாமே, ஆஸ்பத்திரிக்குப் போவாம இன்னா பண்ணிக்கினுகீற'ன்னு கேட்டாரு."

"இன்னாமே" என்று அவளை உங்களைத் தவிர யார் கூப்பிட்டார்கள்? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, "அவரே சொல்ட்டாரா? சரி, போலாம்" என்றாள்.

பெற்ற மகளின் அழுகைக்கு அசையாதவள், செத்தவர் பெயரில் சொன்ன பொய்க்கு அசைந்தாள். வயிறு எரிகிறது. அந்த அம்மணிக்கும் எனக்கும் இப்போது என்ன வித்தியாசம், அப்பா? நீங்கள் போனதிலிருந்து என் கனவில் ஒருமுறைகூட வரவில்லை.

திங்கட்கிழமை ஆபரேஷன். தினமும் காலையில் அம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள்: "வந்தாராடி? வேற இன்னா சொன்னாரு?" நானும் ஏதாவது சொல்கிறேன்.

அவள் பிழைத்து வீடு திரும்பட்டும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சத்தியம். அதற்குள் ஒருநாளாவது நிஜமாகவே வந்து தொலையுங்கள்.

உங்கள் வாயில் பொய்யை வைத்த மகள்,
தேஹு ரோடு