உங்கள் லாகினில் நிற்கிறது

சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருந்த அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம். முதல் போகத்துக்கு ஆற்றில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். அம்மா நன்றாக இருக்கிறாள் என்று சொல்லமாட்டேன். சாப்பிடுகிறாள்.

உங்களுக்கான வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்தேன். கருணை அடிப்படையில் எனக்கு ஒரு வேலை கேட்க அது வேண்டும். அந்த விண்ணப்பம் எங்கே நிற்கிறது தெரியுமா? தாலுகா ஆபீஸ் வளாகத்து இ-சேவை மையத்தில் இருக்கும் பெண் திரையைப் பார்த்துச் சொன்னாள்.

"வி.ஏ.ஓ. லாகின்லயே நிக்குதுக்கா."

நம் ஊர் வி.ஏ.ஓ. நீங்கள்தானே. உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. பக்கத்து ஊர் வி.ஏ.ஓ. சித்தப்பாவிடம், அதுதான் உங்களோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர், கூடுதல் பொறுப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். லாகின் அதேதான். நீங்கள் இறந்ததை உறுதி செய்யச் சொல்லும் ஒரு விண்ணப்பம் நீங்கள் தினமும் திறந்த கணக்கிலேயே காத்திருக்கிறது.

அதைத் திறக்க ஆளில்லை. வருவாய்த் துறை முழுக்கப் போராட்டம்.

முதல் நாள் கேட்டில் ஒட்டியிருந்த தாளில் 'ஒட்டுமொத்த தற்செயல் விடுப்பு' என்று இருந்தது. அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தற்செயலாக எல்லோரும் ஒரே நாளில். நீங்கள் இருந்திருந்தால் அது அரசாணையில் உள்ள சொல் என்று பொறுமையாக விளக்கியிருப்பீர்கள். மூன்றாம் நாள் அது காலவரையற்ற வேலைநிறுத்தம் ஆனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரோட்டுக்கு எதிர்ப்புறம் போராட்டப் பந்தல். பந்தலில் பெரிய பிளெக்ஸ். அதில் நீங்கள். காதுகுத்துக்கு எடுத்த படத்தில் இருந்து வெட்டியிருக்கிறார்கள், தோளில் என் கை கொஞ்சம் தெரிகிறது. 'பணிச்சுமைக்குப் பலியான தோழர்' என்று எழுதி, கீழே முதல் கோரிக்கை: காலிப் பணியிடங்களை நிரப்பு.

அந்தக் காலிப் பணியிடங்களில் ஒன்று நீங்கள்.

அது பொய் இல்லை. மூன்று ஊரைச் சுமந்தீர்கள். காற்றில் சாய்ந்த வாழையைப் பார்த்து எழுதப் போன இடத்தில் வரப்பில் உட்கார்ந்தீர்கள், எழவில்லை. பந்தலில் இருந்தவர்கள் கேட்டது நியாயம் என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் வரிசையில் நின்றவர்கள் கேட்டதும் நியாயம். நீங்கள் அங்கே. நான் இங்கே. நடுவில் பஸ் போகும் ரோடு.

இ-சேவை மட்டும் திறந்திருந்ததால் தினமும் வரிசை இருந்தது. எதுவும் நகராது என்று தெரிந்தும் வந்தார்கள். நானும் போனேன். வீட்டில் அம்மா காலையில் ஒரே கேள்விதான் கேட்பாள், "ஒங்கப்பா ஆபீசு தொறந்தாச்சா?"

ஐந்தாம் நாள் எதிர்க்கட்சிக்காரர்கள் மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆட்சி மாறினால் இந்த நிலைமையே வராது என்றார்கள். ஒரு பெரியவர் டம்ளரைக் காலி செய்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"நீங்க இருந்தப்பவும் இந்த கேட்டு பூட்டித்தான் கெடந்துச்சு தம்பி. பூட்டு மட்டும் இப்ப புதுசு."

வரிசை சிரித்தது. மோர் கொடுத்தவரும் சிரித்தார். ஆளுங்கட்சியில் இருந்து ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. இந்தத் தடவை ஓட்டே போடக்கூடாது என்று சிலர் பேசினார்கள். போடாமல் இருந்தால் யாருக்கு வலிக்கும் என்று சிலர் கேட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மாதான் சொன்னார், "ஓட்டுச் சீட்டு குடுக்க வாரப்ப மட்டும் ஒருத்தரும் லீவு போடமாட்டாக."

அவர் பெயர் பேச்சியம்மா. நம் ஊர்தான், கிழக்குத் தெரு. தினமும் விடியுமுன் ஜீப்பில் கம்பம் மெட்டு ஏறி, கேரளாப் பக்கத்து ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போய் இருட்டித் திரும்புகிறவர், அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "அங்கிட்டுப் போனா ஹர்த்தாலு, இங்கிட்டு வந்தா ஸ்டிரைக்கு. நான் எந்த நாட்டுலதான் போயி பொழைக்க?" என்று என்னிடம் கேட்டார். நான் எதற்கு நிற்கிறேன் என்று விசாரித்தார். வாரிசுச் சான்று என்றேன். அவர் காதில் வரிசைச் சான்று என்று விழுந்திருக்கிறது. "அடப்பாவி, வரிசையில நிக்கிறதுக்கும் சான்று கேக்குறாகளா?"

அவர் வந்தது மகளுக்கு. பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கல்லூரிச் சேர்க்கைக்கு ஆன்லைனில் வருமானச் சான்று ஏற்ற வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்று செவ்வாய்.

பிறகு பிளெக்ஸைக் கை காட்டினார். "அந்தா, படத்துல இருக்காகள்ல. அவுகளுக்கு என்னையத் தெரியும்."

நான் யார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உங்களைப் பற்றி வேறு ஒருவர் சொல்லி ஏதாவது கேட்க வேண்டும் போலிருந்தது. ஏழு மாதமாக வருகிறவர்கள் எல்லோரும் நல்லவர், நல்லவர் என்று மட்டுமே சொல்லிவிட்டுப் போகிறார்கள் அப்பா.

அவர் சொன்னது இது. ஏழு வருடம் முன்பு இதே மாதிரி ஒரு போராட்டம். அப்போது கேட்டைப் பூட்டிவிட்டு நீங்கள் எல்லோரும் வளாகத்துக்கு உள்ளே உட்கார்ந்திருந்தீர்கள். பேச்சியம்மா மூத்த மகனுக்கு இதே சான்றுக்காக வெளியே நின்றிருக்கிறார். அன்றுதான் கடைசி நாள். உங்களைப் பார்த்து, சார் என்று கூப்பிட்டிருக்கிறார்.

"எந்திரிச்சு வந்தாக. ரெண்டு எட்டு வச்சாக. என்னையப் பாத்தாக. அப்படியே திரும்பிப் போயி உக்காந்துட்டாக. இன்னைக்கு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் வேற எங்கிட்டாவது ஓடிருப்பேன் தாயி. வந்து சொல்லுவாக, சொல்லுவாகன்னு சாயங்காலம் வரைக்கும் நின்னேன்."

அந்த மகன் இப்போது எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறான். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஜீப் ஓட்டுகிறான் என்று மட்டும் சொன்னார்.

அப்போது உள்ளேயிருந்து இ-சேவைப் பெண் என் விண்ணப்பத்தை எடுத்து, இறந்தவர் பெயரைச் சத்தமாக வாசித்தாள். பேச்சியம்மா பிளெக்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"செத்தவுகளப் பத்திப் பேசிப்புட்டேன்," என்றார். "ஆனா பொய் பேசல."

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நான் பத்தாவது படித்தபோது ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே திடீரென்று கேட்டீர்கள்: "காலேஜு அட்மிசனுக்குக் கடைசித் தேதி என்னைக்கும்மா?" எனக்குத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். இன்னும் ரெண்டு வருசம் இருக்குப்பா என்று சிரித்தேன். "ஆமால்ல," என்றீர்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள். சாப்பிட்டீர்களா என்று நான் பார்க்கவில்லை.

அது அன்றைக்குத்தானா? உறுதியாகத் தெரியாது. ஆனால் நீங்கள் அதற்குப் பிறகு என் படிப்பைப் பற்றித் தேதி எதுவும் கேட்டதே இல்லை.

ரோட்டைத் தாண்டிப் பந்தலுக்குப் போனேன். சித்தப்பா முன்வரிசையில் இருந்தார். பேச்சியம்மா விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது, ஆனாலும் முடியாது என்று தலையாட்டினார்.

"ஒருத்தருக்குப் போட்டா ஒம்பது பேரு வந்து நிப்பாக. அப்புறம் இந்தப் பந்தல் எதுக்கும்மா? ஒங்கப்பா இருந்தா என்ன செஞ்சிருப்பாகன்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். அன்றைக்குக் காலையில்தான் தெரிந்தது.

"போட வேண்டாம் சித்தப்பா," என்றேன். "வந்து அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு மட்டும் வாங்க."

அவர் எழவில்லை. மேலே உங்கள் படம். உங்கள் தோளில் என் அரைக் கை. நானும் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் திரும்பி வந்தேன். பேச்சியம்மாவிடம் நான்தான் சொன்னேன், இன்றைக்கு இல்லை என்று.

வியாழக்கிழமை பேச்சுவார்த்தை. போராட்டம் ஒத்திவைப்பு. காலியிடங்களை நிரப்புவது பரிசீலனையில் இருக்கிறதாம். இரு தரப்பும் வெற்றி என்று சொல்லிக்கொண்டார்கள். பிளெக்ஸைச் சுருட்டி யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். உங்களை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்க மறந்துவிட்டேன்.

வெள்ளி காலை பேச்சியம்மாவையும் கூட்டிக்கொண்டு நம் ஊர் ஆபீசுக்குப் போனேன். சித்தப்பா லாகினைத் திறந்தார். நூற்றுக்கும் மேல் விண்ணப்பம் காத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "மொதல்ல ஒன்னோடதப் போட்டுறேன்மா, அண்ணனுக்கு நான் செய்யுற மரியாத," என்றார். என் விண்ணப்பம்தான் முந்தியது. யாரும் கேள்வி கேட்டிருக்க முடியாது.

"அது கெடக்கட்டும் சித்தப்பா. இவுக பிள்ளைக்கு இன்னைக்குக் கடைசி."

அவர் பேச்சியம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "செவ்வாக்கெழமையே நான் எந்திரிச்சு வந்து சொல்லிருக்கணும்," என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, அவரிடம்தான் சொன்னார். பேச்சியம்மா முந்தானையால் நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார், வாங்காமல் போவதில்லை என்பது போல. சித்தப்பாவே அடுத்து ஒப்புதல் தர வேண்டிய ஆர்.ஐ.க்கும் தாலுகா ஆபீசுக்கும் போன் போட்டார். நாலு மணிக்குச் சான்று வந்தது. அதை ஏற்றிவிட்டு அந்தப் பிள்ளை பிரவுசிங் சென்டர் வாசலில் நின்று தண்ணீர் குடித்தாள். கூட்டிப் போக அண்ணன் ஜீப்போடு வந்திருந்தான். ஏழு வருடத்துக்கு முன்னால் போனது அவனுக்குத் திரும்பவில்லை. அதை நான் உங்களிடம் மறைக்க முடியாது.

என் சான்று பத்து நாள் கழித்து வந்தது. வேலைக்கான மனுவில் நேற்றுதான் கையெழுத்திட்டேன், உங்கள் பேனாவில். உங்கள் நாற்காலி கிடைக்காது. ஏதோ ஓர் ஆபீசில் இளநிலை உதவியாளர். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

வந்தால், நானும் ஒரு நாள் பந்தலில் உட்காரத்தான் செய்வேன் அப்பா. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் வரப்பில் உட்கார்ந்தது எனக்கு மறக்காது. ஆனால் உட்காரும் முன் கேட்டுக்கு வெளியே வருவேன். மூன்றாவது எட்டும் வைப்பேன். அங்கே நிற்கிறவரிடம் நீங்கள் வீட்டில் வந்து கேட்ட கேள்வியைக் கேட்பேன்: கடைசித் தேதி என்னைக்கு?

இப்படிக்கு,
சான்றில் உள்ளபடி உங்கள் வாரிசு, வரிசை எண் இரண்டு,
மகள்.